இடுப்பில் ஒரு பிள்ளையும் செத்த காலேஜும்

நாலு வயதுப் பிள்ளையை ஒரு பகல் முழுக்க இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் மியூசியம் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதுவும், வாங்கி வைத்துக்கொள்ள ஆள் பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருக்க, கொடுக்க மாட்டேன் என்று வீம்பாகச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். பட்டணத்தில் என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று ஊரில் வந்து கேட்டவர்களுக்குப் புலி பார்த்தோம், திமிங்கிலம் பார்த்தோம் என்று பிள்ளைகள்தான் பதில் சொன்னார்கள். எனக்கு என் இடது கை ஒன்றுதான் ஞாபகம் இருந்தது.

காரைக்குடிக்கு அப்போதுதான் ரயில் வந்திருந்தது. அதற்கு முன்னால் பட்டணம் போவதென்றால் மாட்டு வண்டி, மோட்டார், பிறகு எங்கேயோ போய் ரயில் என்று உயிரை எடுக்கும். இப்போது சாயங்காலம் எங்களூரில் ஏறினால் காலையில் எழும்பூர் என்று ஆகிவிட்டதால், யாருக்கும் எதற்கும் சாக்குச் சொல்ல முடியாமல் போய்விட்டது. கோடை லீவு விட்டதும் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, பட்டணம் காட்டுவோம் என்று.

நான் ஆச்சி என்று கூப்பிடுவேன், என் பிள்ளைகளுக்கு அவர்கள் பெரியாத்தா. நானும் எழுதும்போது அப்படியே எழுதிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஊரில் இருப்பதும் ஆண்கள் தொழில் பார்க்கும் இடத்தில் இருப்பதும்தான் வழக்கம். பெரியாத்தா மட்டும் பட்டணத்தில் வைத்தியம் பார்த்துக்கொள்ளப் போய், அங்கேயே மண்ணடியில் வீடு பிடித்துத் தங்கிவிட்டார்கள். எல்லாம் பிள்ளைக்கான வைத்தியம். திருக்கோஷ்டியூர் தெப்பத்தில் விளக்கு எடுத்து வந்து வைத்துப் பூசை பண்ணினார்கள். ராமேசுவரம் போனார்கள். வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

எங்களிடம் பிள்ளை கூட்டுவது என்று ஒன்று உண்டு. ஆண் வாரிசு இல்லாத வீட்டார் பங்காளி வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கேட்டு வாங்கித் தங்கள் பிள்ளையாக்கிக் கொள்வார்கள். கோயிலில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. வாரிசு இல்லாவிட்டால் அந்தப் புள்ளி அத்தோடு நின்றுபோகும். அதை நிற்க விடக்கூடாது என்பதில் எங்கள் ஆட்களுக்கு இருக்கிற பிடிவாதம் சொல்லி முடியாது. மூத்த பிள்ளையைக் கொடுப்பதில்லை. பெண்ணைக் கேட்பதில்லை. எனக்கு மூத்தவன் ஒரு பையன், அடுத்தது பெண், கடைசியில் இந்தப் பையன். ஆகப் பெரியாத்தா பட்டணம் காட்டக் கூப்பிட்டது எந்தப் பிள்ளைக்காக என்று எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரெண்டு ஆம்பளைப் பிள்ளை வைத்திருக்கிறாளே, ஒன்றைக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவாள் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

என் வீட்டுக்காரர் பர்மாவில் இருந்தார்கள். கப்பல் ஏறப் போகிறபோதே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

"அண்ணன் வீட்டுல கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா பெத்தவ நீ. உன் கையால தூக்கிக் கொடுத்தாத்தான் கொடுத்தது. உனக்கு மனசில்லைன்னா யாரும் வந்து இழுத்துக்கிட்டுப் போக மாட்டாக."

எங்கள் வீட்டில் அதில் கண்டிப்பு அதிகம். பெற்றவள் தன் கையால் பிள்ளையைத் தூக்கி, கூட்டிக்கொள்கிறவள் மடியில் வைக்க வேண்டும். வைக்கிற வரைக்கும் வாங்கிக்கொள்கிறவள் அந்தப் பிள்ளையைத் தூக்க மாட்டாள். ஆசையாக ஒரு தடவை எடுத்துவிட்டால்கூடப் பறித்துக்கொண்ட மாதிரி என்று வைத்துக்கொள்வார்கள். பெரியாத்தா வீட்டில் நாங்கள் போய் இறங்கிய நாளிலிருந்து பார்க்கிறேன், மூத்தவன் தலையைத் தடவுகிறார்கள், பெண்ணுக்குத் தலை பின்னி விடுகிறார்கள். சின்னவன் ஓடி வந்து காலைக் கட்டினால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அதற்காக என்ன செய்ய முடியும்? நான் ஒரு முடிவோடுதான் ரயில் ஏறியிருந்தேன். இந்தப் பிள்ளை என் கையை விட்டு அவர்கள் கைக்கு ஒரு நிமிஷம்கூடப் போகாது. ஒரு தடவை கை மாறிவிட்டால் அப்புறம் மாட்டேன் என்ற சொல் என் வாயில் வராது என்று எனக்கு என்னைப் பற்றியே பயம் இருந்தது.

செத்த காலேஜ் பார்க்கப் போவோம் என்று அன்றைக்குக் காலையில் கிளம்பினோம். மியூசியத்துக்குப் பட்டணத்தில் அப்போது அதுதான் பேர். மிருகங்கள் உயிரோடு இருக்கிற தோட்டம் உயிர் காலேஜ், பாடம் பண்ணி நிறுத்தி வைத்திருப்பது செத்த காலேஜ். மோட்டாரைப் பெரியாத்தா வீட்டுக்காரர், பிள்ளைகளுக்குப் பெரியப்பச்சி, கடைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஜட்கா வண்டியில் ஏறி, வைக்கோல் மேல் விரித்த சமுக்காளத்தில் நாங்கள் ஐந்து பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சித்திரை வெயில். செருப்புப் போடுகிற வழக்கம் எங்களுக்கு ஏது? வண்டியிலிருந்து இறங்கிக் கட்டடத்தின் நிழலைத் தொடுவதற்குள் கால் வெந்துபோயிற்று.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடி போடாத திறந்த மேடையில் ஒரு புலி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சின்னவன் ஒரு பார்வைதான் பார்த்தான். குரங்குக்குட்டி போல என் மேல் ஏறினான். அத்தோடு சரி, அவன் கால் தரையில் படவே இல்லை.

"அப்பு, செத்த புலிடா அது. கடிக்காது."

"முழிச்சுக்கிட்டு இருக்குத்தா."

"அது கண்ணாடிக் கண்ணுடா."

"கண்ணாடி போட்டுக்கிட்டு நம்ம பெரியப்பச்சி முழிச்சுக்கிட்டுத்தானே இருக்காக?"

அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். மூத்தவனுக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு பலகை முன்னாலும் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தால்தான் அடுத்ததுக்கு நகர்வான். ஒரு கரடியைத் தாண்ட அவனுக்கு அரை நாழிகை வேண்டும். பெண்ணோ வாசிக்க மாட்டாள், கேள்வியாகக் கேட்டுத் துளைப்பாள்.

"ஆத்தா, இதுகளுக்கெல்லாம் யாரு சாப்பாடு போடுறாக?"

"செத்துப்போனதுக்கு எதுக்குடி சாப்பாடு?"

"செத்துப்போன ஐயாவுக்கு மட்டும் இலை போட்டுப் படைச்சோமே?"

சுவரோரம் நின்ற சேவகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பெரியாத்தாவும் சிரித்துவிட்டார்கள். அவர்கள் ஒரு கையில் எங்கள் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டி, மறு கையில் தண்ணீர்ச் செம்பு. வேண்டுமென்றேதான் வேலைக்காரியைக் கூட்டி வராமல் இரண்டையும் தாங்களே எடுத்து வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. கை சும்மா இருந்தால் எங்கே தானாக நீண்டுவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். ரெண்டு பேரும் ஒரே பயத்தோடு பக்கத்துப் பக்கத்தில் நடந்துகொண்டு, பாம்பைச் சாராயத்தில் போட்டு வைத்திருக்கிற புட்டியையும் ரெட்டைத் தலைக் கன்றுக்குட்டியையும் பார்த்துக்கொண்டு போனோம்.

திமிங்கிலத்தின் எலும்பு இருந்த கூடத்துக்குப் போவதற்குள் என் இடுப்பு ஒரு பக்கமாகவே வளைந்துவிட்டது. வலது பக்கம் மாற்றினால் அவன் மாற மாட்டேன் என்கிறான். அங்கே ஆற்காட்டுப் பக்கமோ எங்கேயோ இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அதில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சகிக்காமல் கேட்டே விட்டாள்.

"ஏம்மா, இவ்ளோ பெரிய கொழந்தைய நீயே தூக்கிக்கினு அவஸ்தைப்படறியே, கூட வர அக்கா கையில சித்த நேரம் குடுக்கக் கூடாதா?"

பெரியாத்தா திமிங்கிலத்தின் தாடையை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சுரீர் என்று வந்தது. "எம்புள்ளை எனக்குப் பாரமில்லை. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றேன். சொன்னது பச்சைப் பொய். பாரம் என்றால் அப்படி ஒரு பாரம். பருப்பும் நெய்யுமாகப் போட்டு வளர்த்த பிள்ளை, வேறு எப்படி இருப்பான்? அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் ஒரு அறையில் சாமிகளைக் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். வெண்கலத்தில் வார்த்த சாமிகள். இத்தனை நேரம் கரடியையும் பல்லியையும் பார்த்துக்கொண்டு வந்தவர்களுக்குத் திடீரென்று அம்மன் எதிரே நின்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கும்பிடவா, வேண்டாமா? கோயிலில் அம்மனைப் பட்டும் மாலையுமாகப் பார்த்துத்தான் எங்களுக்குப் பழக்கம். இங்கே ஒரு முழம் துணி இல்லாமல், ஒரு விளக்கு இல்லாமல், கழுத்தில் நூலைக் கட்டிச் சீட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெரியாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி நிறுத்தி வச்சிருக்காகளே, ஒரு சீலையைச் சுத்திவிடக் கூடாதா?" என்று என்னிடம் முணுமுணுத்தார்கள். தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, சேவகன் அந்தப் பக்கம் பார்க்கும்போது தலையில் இருந்த பூவில் ஒரு கிள்ளு கிள்ளி அம்மன் காலடியில் வைத்தார்கள்.

பக்கத்திலேயே சிவனும் அம்மனும் உட்கார்ந்திருந்த ஒரு சிலை. நடுவில் சின்னதாக ஒரு பீடம் மட்டும் காலியாக இருந்தது. மூத்தவன் பலகையை வாசித்துவிட்டு, "இங்க குட்டி முருகன் இருந்துச்சாம், உடைஞ்சு காணாமப் போயிருச்சாம்" என்றான். என் மகள் சும்மா இருப்பாளா?

"ஆத்தா, அப்ப இவுகளுக்கும் பிள்ளை இல்லையா? பெரியாத்தா மாதிரியா?"

அவளை அங்கேயே நறுக்கென்று கிள்ளினேன். ஓவென்று அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து இடுப்பில் இருந்தவனும் அழுதான். சேவகன் ஓடி வந்தான். மூத்தவன், இன்னும் நாணயம் பார்க்கவில்லை, கத்தி கேடயம் பார்க்கவில்லை என்று தன் பாட்டுக்கு நச்சரித்தான். எனக்கு அப்போது யாராவது வந்து என்னையும் பாடம் பண்ணி அந்தப் புலிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் தேவலை என்று இருந்தது. நின்ற இடத்தில் அக்கடா என்று நிற்கலாம் பாருங்கள்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். பெரியாத்தா தூக்குச்சட்டியைத் திறந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் எடுத்து வைத்தார்கள். பிள்ளைகளுக்கென்று சீப்புச் சீடை தனியாக. என் கை விரல்கள் மரத்துப்போய்ச் சோற்றைப் பிசைய வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவர்களே பிசைந்து என் இலையில் வைத்தார்கள். பெரிய பிள்ளைகள் ரெண்டும் சாப்பிட்டுவிட்டு அணிலைத் துரத்தப் போய்விட்டன. சின்னவன் என் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தான், தூங்கவில்லை.

"ஏத்தா, நான் ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கிடக் கூடாது" என்றார்கள்.

"கேளுங்க ஆச்சி."

"நான் எதுக்கு உங்களைக் கூப்பிட்டேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வந்திருக்கே. வேற பங்காளி வீடுகள்லயும் பிள்ளை இருக்கு, கேட்டாக் கொடுப்பாக. எனக்கு இவன் மேலதான் மனசு ஒட்டிக்கிருச்சு. அதுக்காக உன்னைய நான் நெருக்க மாட்டேன். மனசு இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன் என்று சொல்கிறவர்களின் முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். அதனால் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே, "ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள சொல்றேன் ஆச்சி" என்றேன். மாட்டேன் என்று சொல்வதாகத்தான் முடிவு. வீட்டுக்குப் போய்க் குளித்து, சாயங்காலம் விளக்கேற்றினதும் சொல்லிவிடுவது. நாளைக்கே ரயில் ஏறிவிடுவது. பிள்ளை என் பிள்ளை, சொல்ல என்ன பயம் என்று என்னை நானே திடப்படுத்திக்கொண்டேன்.

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். மூத்தவன் விட்டானா? பள்ளிக்கூடத்தில் எவனோ சொல்லியிருக்கிறான், கடற்கரையில் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு விட்டு வைத்திருக்கிறார்கள் என்று. அதையும் பார்த்தால்தான் ஆயிற்று என்று ஒற்றைக்காலில் நின்றான். பெண்ணும் சேர்ந்துகொண்டாள். மறுபடி ஜட்கா. மறுபடி குலுக்கல். சின்னவன் இறங்கி உட்காரவும் மாட்டான், மடியில் அடங்கவும் மாட்டான். கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். வேர்வையில் ரெண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம். ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"விடுடா என்னைய! செத்த நேரம் விடேன்! ஆத்தான்னா என்ன பொதி சுமக்குற கழுதையா? கை விட்டுப்போச்சுடா, வலி உசுரு போகுது!"

எந்த வீட்டில்தான் தாய் இப்படிக் கத்தவில்லை? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்துவோம், அடுத்த நிமிஷம் அள்ளி முத்தம் கொடுப்போம். அவன் கழுத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். அப்புறம் என் கையைப் பார்த்தான். இறங்குகிற இடம் வந்ததும் நான்தான் மறுபடி அவனை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மீன் இருந்த கட்டடம் உள்ளே இருட்டு. தொட்டிகளில் மட்டும் வெளிச்சம். நடைபாதை குறுகல், கோடை லீவு ஆனதால் ஊரில் இருக்கிற கூட்டமெல்லாம் அங்கேதான். பின்னால் இருந்து தள்ளுகிறார்கள், முன்னால் நகர மாட்டேன் என்கிறார்கள். பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறாள். காற்று இல்லை. ஒரு தொட்டி முன்னால் நிற்கும்போது என் இடது கையில் உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்றே தெரியவில்லை. பிள்ளை இடுப்பிலிருந்து மெல்ல வழுக்கிக்கொண்டே போகிறான்.

"ஆச்சி, பிடிங்க" என்றேன்.

அவர்கள் அசையவில்லை. இருட்டில் என்னையே பார்த்தார்கள். "நெசமாவா சொல்றே?"

"பிடிங்களேன் ஆச்சி, கீழே விழுந்துறப் போறான்!"

தூக்குச்சட்டியும் செம்பும் தரையில் மோதிய சத்தம் கேட்டது. ரெண்டு கையையும் நீட்டினார்கள். நான் என் ரெண்டு கையாலும் அவனைத் தூக்கி அந்தக் கைகளில் வைத்தேன்.

அவர்களுக்குப் பிள்ளையைத் தூக்கவே தெரியவில்லை. இடுப்பில் வைக்காமல், நிறைந்த எண்ணெய்ப் பானையை ஏந்துகிற மாதிரி நெஞ்சுக்கு முன்னால் ஏந்திக்கொண்டு நின்றார்கள். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு அவ்வளவு பக்கத்தில் யாரும் அவனை அதுவரை தூக்கிப் பிடிக்கவில்லை. "பெரியாத்தா, இங்குட்டு இங்குட்டு! அந்தா, அது வாலைப் பாருங்க!" என்று கத்தினான். காலையிலிருந்து அழுமூஞ்சியாக இருந்த பிள்ளை, அப்படிச் சிரித்தான்.

எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளதைச் சொல்கிறேன். ஐயோ என்று தோன்றவில்லை. அப்பாடா என்று இருந்தது. கையை உதறினேன், முதுகை நிமிர்த்தினேன். ரத்தம் விரல்நுனி வரைக்கும் சுறுசுறுவென்று இறங்கியது. அன்றைக்கு முழுக்க எதையும் பார்க்காத என் கண்ணுக்கு அப்போதுதான் எதிரே இருந்த தொட்டி தெரிந்தது. குதிரை முகத்தோடு ஒரு சின்ன மீன், தண்ணீருக்குள் நட்டமாக நின்றது. ஆத்தாடி, இப்படியும் ஒன்றா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். விலாங்கு பார்த்தேன், ஆமை பார்த்தேன். கட்டடத்தின் கடைசி வரைக்கும் கையை வீசிக்கொண்டு, நிதானமாகப் பார்த்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அப்படிக் கைவீசி நடந்ததில்லை.

வெளியே வந்தால் கடல் காற்று. வெயில் தாழ்ந்திருந்தது. பெரிய பிள்ளைகள் மணலுக்கு ஓடின. பெரியாத்தா அவனை இன்னும் அதே மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார்கள். பழக்கமில்லாத கை, வலிக்காதா?

"கொடுங்க ஆச்சி" என்று கையை நீட்டினேன். "வாடா அப்பு."

அவன் வரவில்லை. அழவும் இல்லை, அடம் பிடிக்கவும் இல்லை. அவர்கள் கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னை யோசனையாகப் பார்த்தான்.

"வேணாத்தா. உனக்குக் கை வலிக்கும். நான் பெரியாத்தாட்டயே இருந்துக்கிறேன்."

பெரியாத்தா முகம் வெளுத்துவிட்டது. "ஆத்தா சத்தியமா நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலைடி" என்றார்கள். "அலுப்புல கொடுத்தது கணக்கில்லை. அதை வச்சு நான் எதையும் கேக்க மாட்டேன். மனசு வந்து கொடுத்தாத்தான் கொடுத்தது. இந்தா, வாங்கிக்க." கண்ணில் நீர் கொட்டக் கொட்ட அவனை என் பக்கமாக நீட்டினார்கள். அவன் அந்தக் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

நான் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் அழுவான், ரெண்டு நிமிஷத்தில் மறந்துபோவான். எனக்கு அது தெரியாதா? ஆனால் அந்தக் குட்டி மண்டைக்குள் ஆத்தாவுக்கு வலிக்கும் என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்து, அதற்காக அவன் தன்னை என்னிடமிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான். அதை எப்படிப் பிடுங்குவது? எதிரே பெரியாத்தா நிற்கிற நிலை வேறு. என் உடம்பில் அன்றைக்கு இனி ஒரு சண்டைக்குத் தெம்பில்லை, பிள்ளையோடும் இல்லை, அவர்களோடும் இல்லை, என்னோடும் இல்லை. நீட்டிய கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

"இருக்கட்டும் ஆச்சி" என்றேன்.

அவர்கள் திரும்பக் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துபோயிற்று என்று ரெண்டு பேருக்கும் தெரியும். ஜட்காவில் திரும்பி வரும்போது அவன் அவர்கள் மடியில் தூங்கினான். மூத்தவன் வழி முழுக்கத் திமிங்கிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். நான் உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்த பிறகு, ஊரில் நல்ல நாள் பார்த்து, பங்காளிகள் எல்லாரும் கூடியிருக்க, வீட்டு நடுவில் பாய் விரித்து முறைப்படி நடத்தினோம். என் கையால்தான் தூக்கி மடியில் வைத்தேன். அதற்குள் அவன் நன்றாக வளர்ந்திருந்தான். பாதிக் கால் தரையில் கிடந்தது. எனக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை. பந்தி விசாரித்தேன், வந்தவர்களுக்கு வெற்றிலை கொடுத்தேன், எல்லாம் செய்தேன். கொடுத்தது கடற்கரையில், அழுததும் அன்றைக்கு ராத்திரியே அழுது தீர்த்தாயிற்று, மிச்சம் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருந்தது.

சடங்கு முடிந்து அவர்கள் அவனைப் பட்டணத்துக்குக் கூட்டிப் போனார்கள். அதற்கடுத்த கோடையில் நான் மறுபடி பட்டணம் போனேன். கைச்சுமை ஒன்றும் கிடையாது. பெரிய பிள்ளைகள் ரெண்டும் தாங்களே நடக்கிறவர்கள். மண்ணடி வீட்டு வாசலில் வண்டி நின்றதும் உள்ளேயிருந்து அவன் ஓடி வந்தான். நன்றாகத் தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வந்த வேகத்தில் என் காலைக் கட்டிக்கொள்வான் என்று நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தேன்.

அவன் ஒரு அடி தள்ளியே நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்தவர்களை எப்படி வரவேற்க வேண்டும் என்று நல்லபடியாகச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருந்தார்கள். என்னைப் பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்றே பேசிய பிள்ளை. கையைக் கட்டிக்கொண்டு, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னான்.

"வாங்க சின்னாத்தா. உக்காருங்க."

அது அவன் வீடு. நான் வந்தவள். உட்கார்ந்தேன்.